முதல்ல கையை மடியில வை, பேராண்டி

முதல்ல அந்தப் பொத்தான் மேல இருந்து வெரல எடு. அடுப்படியில இருந்தே பார்த்துட்டேன். நீ கொழும்புல பெரிய இஞ்சினியரா இருக்கலாம். பூண்டுலோயா டவுன்ல பஸ்ஸ விட்டு இறங்கி டன்சினன் பக்கம் ரெண்டு எட்டு வச்சிட்டா நீ எனக்குப் பேராண்டிதான். பேராண்டிக்குப் புத்தி சொல்றதுக்கு நான் யார்கிட்டயும் பாஸ்வேர்ட் வாங்கத் தேவையில்ல.

தீபாவளிக்குன்னு லீவு போட்டு வந்தவன், ராத்திரி பூரா லயத்து வாசல்ல குறுக்கயும் நெடுக்கயும் நடந்து போன்ல கத்தினே. சிக்னல் வாசல்ல மட்டுந்தான் வருது, சரி. அதனால என்னா ஆச்சு? உன் கொம்பனியோட வண்டவாளம் தண்டவாளம் ஏறிருச்சி. இந்தப் பூண்டுலோயாவுக்கு வெள்ளக்காரனே ரயில் போடல, அப்பிடி இருந்தும் ஏறிருச்சி. "மெட்டாடேட்டா கெட்டுப்போச்சி, டேட்டாஸ்டோர் மவுண்ட் ஆகுதில்ல, எல்லாம் போச்சி"ன்னு நீ அலறினதக் கேட்டு, கோடிக் காம்பராக் கெழவி விடியக்காலம் வந்து என்னைக் கேக்குது: "மெட்டாங்கிறவங்களுக்கு சீரியஸாமே, நுவரெலியா ஆஸ்பத்திரியிலயா வச்சிருக்கு?" நான் சொன்னேன், ஆளுக்கு ஒண்ணும் இல்ல, டாக்டருதான் மயக்கம் போட்டுட்டாருன்னு.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்னு உள்ளுக்குள்ள சிரிக்கிறே. சிரி. கொரோனா காலம் முழுக்க நீ இந்தக் காம்பராவுல குந்தி வேல செஞ்சப்ப, பக்கத்துல ரொட்டியும் சம்பலும் வச்சிகிட்டு குந்தியிருந்தவன் நான். உன்கிட்ட வேல பழகின பையனுக்கு நீ விளங்கப்படுத்தினது எல்லாம் அவனுக்கு ஏறிச்சோ இல்லையோ, எனக்கு ஏறிருச்சி. மிச்சத்துக்கு வீரகேசரி இருக்கு.

நான் பாதி ஆயுசு செக்ரோல் எழுதினவன். காலையில பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடுவோம். சனம் மலைக்கு ஏறும். கொழுந்து மடுவத்துக்கு வரும், தராசுல தொங்கும், பேருக்கு நேரா கிலோ விழும். கிலோ குறைஞ்சா அரைப்பேர். கொழுந்து லொறியில ஏறி ஸ்டோருக்குப் போயிரும், புத்தகம் என் கக்கத்துக்கு வந்துரும். இப்ப நீயே சொல்லு. மழையில செக்ரோல் ஊறி மை கரைஞ்சிருச்சின்னா, ஸ்டோருல கெடக்குற கொழுந்து எங்க போகும்? எங்கயும் போகாது. அது அங்கேயே வாடிகிட்டுக் கெடக்கும். யாரு பறிச்சது, எந்த மலையில இருந்து வந்தது, எம்புட்டு, அதுதான் தெரியாது. சம்பளத்தன்னிக்கு அடிதடி நடக்கும், ஆனா தேயில இருக்கும்.

உன் டிஸ்க்குலயும் சங்கதி அவ்வளவுதான். எந்தத் துண்டு நெறஞ்சிருக்கு, எது காலி, எந்தப் பைல் எங்க தொடங்கி எங்க முடியுது, இப்ப அத யாரு புடிச்சிருக்கான்னு எழுதி வச்ச செக்ரோல்தான் மெட்டாடேட்டா. டெராபைட் கணக்குல இருக்க கொழுந்துக்குப் பக்கத்துல அது கையளவு. அந்தக் கையளவு கெட்டதுக்கு நீ "எல்லாம் போச்சி"ன்னு ஒப்பாரி வைக்கிறே.

புத்தகத்துல இல்லேன்னா ஆளே இல்லேன்னு முடிவு கட்டுறது இந்த நாட்டுக்குப் புதுசா என்னா? 1948-ல 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தப் போட்டு, லட்சக்கணக்குல தோட்டத்துச் சனத்த ஒரே கையெழுத்துல காணாமப் பண்ணினாங்க. காணாமப் போன சனம் அடுத்த நாள் காலையில வழக்கம்போல பெரட்டுக்கு வந்து நின்னிச்சி, கொழுந்தும் பறிச்சிச்சி. அப்புறம் 1964 ஒக்டோபர் 30-ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் குந்தி அந்தப் பக்கம் 525,000, இந்தப் பக்கம் 300,000, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம்னு பங்கு பிரிச்சாங்க. பதிவேட்டுப் பிழையத் தீர்க்க 2003-ஆம் வருஷத்து 35-ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் ஆச்சி. அதுக்குள்ள புத்தகத்தத் திருத்துறேன்னு ஆளுங்கள கப்பல்ல ஏத்திட்டாங்க பாரு, அதுதான் நான் சொல்ல வாறது. புத்தகம் கெட்டதால வந்த நட்டம் கொஞ்சம். திருத்தப் போனவனால வந்ததுதான் மலையளவு.

அதனாலதான் வெரல எடுன்னேன்.

இப்ப நிதானமாக் கேளு. உங்க விஎம்வெயார்க்காரன் ஒரு வேல செஞ்சிருக்கான். ஒரே டிஸ்க்க பல சர்வர், ஹொஸ்டுன்னு சொல்லுவீங்களே, அதுக பங்கு போட்டுப் பாவிக்கலாம். ஒரே செக்ரோல்ல பல கணக்கப்பிள்ளை ஒரே நேரத்துல எழுதுற மாதிரி. அடிதடி வராம இருக்க, ஒவ்வொரு ஹொஸ்டும் சில செக்கனுக்கு ஒருக்கா அந்த டிஸ்க்குலயே ஒரு மூலையில "நான் உசுரோட இருக்கேன், இந்தப் பைல் என் கையில"ன்னு குறிச்சிகிட்டே இருக்கும். ஹார்ட்பீட்டுன்னு சொல்லுவீங்க. அந்தக் குறிப்பு நின்னிருச்சின்னா மத்தவங்க ஆள் செத்துட்டான்னு எடுத்து, பூட்ட உடைச்சிப் பைலத் தூக்கிருவாங்க. நல்ல ஏற்பாடுதான், எல்லாரும் அந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்தா. அடங்காதவன் ஒருத்தன் வருவான். யாராவது அதே டிஸ்க்க, எல்யூஎன்னு சொல்லுவீங்களே அத, ஒரு விண்டோஸ் சர்வருக்கும் காட்டிக் குடுத்துருவான். அந்த டிஸ்க்குல விஎம்வெயார்க்காரன் எழுதுற விஎம்எஃப்எஸ் பாஷை விண்டோஸுக்குத் தெரியாது. "புது டிஸ்க் ஒண்ணு வந்திருக்கு, இனிஷியலைஸ் பண்ணட்டா?"ன்னு மரியாதையாக் கேக்கும். நம்ம ஆளும் மரியாதையா ஓகே அடிப்பான். பார்ட்டிஷன் டேபிள் அன்னிக்கே கைலாசம் போயிரும். ரெண்டு பேருமே மரியாதைக்காரங்க, அதான் வினை.

ஆகையால உன்னோட முதல் கேள்வி "எப்பிடித் திருத்துறது"ன்னு இருக்கக் கூடாது. "இந்த டிஸ்க்குல வேற யாரு எழுதினா?" அது முதல். நேத்து யாரு கேபிள் மாத்தினா, யாரு ஸ்டோரேஜுக்கு பேர்ம்வெயார் போட்டா, யாரு புது சர்வர் சேர்த்தா. ராத்திரி உன் போன் பேச்சு முழுக்கக் கேட்டேன், அதுல இந்தக் கேள்விய நீ ஒருத்தர்கிட்டயும் கேக்கல. "யாரும் ஒண்ணும் செய்யல சேர்"னு அந்தப் பையன் சொன்னதும் நம்பிட்டே. தோட்டத்துல இந்த வார்த்தைய நான் தெனமும் கேட்டவன். யாரும் ஒண்ணும் செய்யாமதான் கூடை நெறையக் கல்லு வரும்.

ரெண்டாவது. கெட்டுப்போச்சா, இல்ல கண்ணுக்குத் தெரியலையா? இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம முக்காவாசி பேரு மெட்டாடேட்டா கெட்டுருச்சின்னு சொல்றாங்கன்னு நீயே ஒரு தடவ அந்தப் பையன வஞ்சிருக்கே. ஹொஸ்டுல இருந்து ஸ்டோரேஜுக்குப் போற எல்லாப் பாதையும் அடைச்சிருச்சின்னா டேட்டாஸ்டோர் மறைஞ்சிரும். அதுக்கு உங்காளுங்க ஓல் பாத்ஸ் டவுன்னு பேரு வச்சிருக்காங்க. சுவிட்ச் ஒண்ணு செத்திருக்கும், இல்லாட்டி எவனோ வயரக் கழட்டியிருப்பான். புத்தகம் பத்திரமா இருக்கும், மடுவத்துக்குப் போற ரோட்டுல மண் சரிஞ்சிருக்கும். அதுக்குப் போய் புத்தகத்தக் கிழிச்சி எழுதுறவன் புத்திசாலியா? விஎம்கேர்னல் லொக்க விரிச்சிப் படி. டிஸ்க்கு பதில் சொல்லலன்னு எழுதியிருந்தா அது ஒரு கதை. டிஸ்க்கு பதில் சொல்லுது, சொல்ற பதிலு உளறலா இருக்குன்னு எழுதியிருந்தா அது வேற கதை. முதல் கதைக்கு கேபிளப் பாரு. ரெண்டாவதுக்குத்தான் நாம இங்க குந்தியிருக்கோம்.

மூணாவதா ஒரு கதை இருக்கு. இது எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா இதுல செத்தவன் எல்லாம் படிச்சவன். விஎம்எஃப்எஸ் தன்னோட நெத்தியில, தான் எந்த டிஸ்க்குல குடியிருக்கேன்னு எழுதி வச்சிருக்கும். நீ ஸ்டோரேஜ் பெட்டிய மாத்தினாலோ, எல்யூஎன் நம்பர் மாறினாலோ, நகல் எடுத்த டிஸ்க்க காட்டினாலோ, நெத்தியில இருக்கதும் நிஜ டிஸ்க்கோட அடையாளமும் பொருந்தாது. ஹொஸ்ட் சந்தேகப்பட்டு, "இது நகலா இருக்கும், நான் மவுண்ட் பண்ண மாட்டேன்"னு ஒதுங்கிக்கும். டேட்டாவுல ஒரு எழுத்துக்கூடக் கெட்டிருக்காது. இப்ப நம்ம வீரன் வருவான். டேட்டாஸ்டோர் காணோம்! பதறிப் போய் "நியூ டேட்டாஸ்டோர்" அமுக்குவான். திரையில மூணு வழி காட்டும். பழைய அடையாளத்தோட அப்பிடியே ஏத்துக்கோ. புது அடையாளம் போட்டு ஏத்துக்கோ. டிஸ்க்க போர்மட் பண்ணு. மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஒரே அளவு எழுத்துல, பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நிக்கும். மூணாவது ஆளு கொலைகாரன்னு நெத்தியில எழுதியிருக்காது. ராத்திரி ரெண்டு மணி, மேனேஜர் போன்ல, கண்ணு எரியுது. வீரன் எத அமுக்குவான்? போர்மட் ஆனப்புறம் டேட்டாஸ்டோர் பளிச்சின்னு வந்துரும். "சேர், சரியாயிருச்சி!" உள்ள பார்த்தா ஒண்ணும் இருக்காது, அம்புட்டு சுத்தமா இருக்கும்.

ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ-ல "ஸ்டோரேஜ் விஎம்எஃப்எஸ் ஸ்னப்ஷொட் லிஸ்ட்"னு ஒரு வரி அடிச்சா, அப்பிடி ஒதுங்கி நிக்கிறது எதுன்னு சொல்லிரும். ஒரே வரி. அத அடிக்காம அந்தத் திரைப் பக்கம் போகாதே.

இதுல எதுவுமே இல்ல, நெசமாவே புத்தகம் கெட்டிருக்குன்னு வையி. அப்ப மொத வேல எழுதுறத நிறுத்துறது. ஓடிகிட்டிருக்க விஎம், அதான் ஹொஸ்டுக்குள்ள ஓடுற பொய்க் கம்பியூட்டர், ஏதும் இருந்தா இறக்கு, இல்லாட்டி ஏத்த முடிஞ்சத வேற இடத்துக்கு ஏத்து. கெட்ட வரைபடத்த வச்சிகிட்டு எழுதினா, காலின்னு நெனச்சி யாரோட கொழுந்து மேலயோ கொட்டிகிட்டு இருப்பே. அடுத்த வேல, ஸ்டோரேஜ் பெட்டியில இருந்தே அந்த எல்யூஎன்ன முழுசா ஒரு நகல் எடு. இடமில்ல, நேரமில்லன்னு உன் மேனேஜர் சொல்லுவாரு. எழுத்துல குடுக்கச் சொல்லு. எழுத்துல குடுன்னதும் இடமும் வரும், நேரமும் வரும். இத நான் மூணு துரைமார்கிட்ட செஞ்சு பார்த்திருக்கேன், தவறினதே இல்ல.

நகல் கையில வந்தப்புறம் உன்னோட வோமா, விஎம்எஃப்எஸ் புத்தகத்தச் சரிபார்க்கிற கருவி. நீ மொத மொதல்ல சொன்னப்ப நான் ஓமம்னு கேட்டு, வயித்துவலிக்கு நல்லதுன்னு சொன்னேன். சிரிச்சே. இப்ப வயித்துவலி யாருக்குன்னு பாரு. அந்த டேட்டாஸ்டோர்ல ஒரு விஎம்மும் ஓடாம நிறுத்திட்டு, எல்லா ஹொஸ்டுல இருந்தும் அன்மவுண்ட் பண்ணிட்டு, ஒரே ஒரு ஹொஸ்டுல இருந்து அத ஓட விடணும். அதுக்கு "செக்"னு ஒரு குணம் இருக்கு, "ஃபிக்ஸ்"னு ஒரு குணம் இருக்கு. செக் வாசிச்சிட்டு, கடைசியில எத்தன பிழைன்னு சொல்லிட்டுப் போயிரும். ஃபிக்ஸ் கைய வச்சிரும். உங்க வயசுக்காரங்களுக்கு முதலாவது ருசிக்கிறதில்ல. ஓடிகிட்டிருக்க டேட்டாஸ்டோர்ல செக் போட்டா, எழுதிகிட்டிருக்க புத்தகத்தக் கணக்குப் பார்க்குற கதை, இல்லாத பிழையெல்லாம் காட்டும். அதப் பார்த்துப் பயந்து ஃபிக்ஸ் அடிச்சவனுக்கு நான் என்னா சொல்ல.

இன்னொண்ணு. வோமா சுத்தம்னு சொல்லிருச்சேன்னு துள்ளாதே. அது பார்க்கிறது விஎம்எஃப்எஸ்ஸோட செக்ரோல மட்டும். ஒவ்வொரு விஎம்முக்கு உள்ளயும் லினக்ஸோ விண்டோஸோ தன் பங்குக்குச் சொந்தமா ஒரு செக்ரோல் வச்சிருக்கு. அதுவும் கெட்டிருக்கலாம். அங்கயும் மொதல்ல வாசிக்க மட்டும் செய்யி. எஃப்எஸ்செக்குக்கும் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேருக்கும் மைனஸ் என்னுன்னு ஒண்ணு இருக்கு, தொடாமப் பார்க்கிறதுக்கு. விண்டோஸோட செக்டிஸ்க், எஃப் போடாட்டி சும்மா பார்த்துட்டுப் போயிரும். எக்ஸ்எஃப்எஸ்ல ஒரு குழி இருக்கு, கவனி. கரண்ட் போயி திடீர்னு செத்த டிஸ்க்குல பாதியில நின்ன வேலைகளோட குறிப்பு லொக்குல இருக்கும். ரிப்பேர் அதப் பார்த்துட்டு, "நான் செய்ய மாட்டேன், ஒருக்கா மவுண்ட் பண்ணு, அந்த லொக்க ஓட விடு"ன்னு நல்ல மனசோட சொல்லும். மவுண்ட் ஆகலன்னா மைனஸ் எல்லு போட்டு லொக்க அழிச்சிட்டுப் போகலாம்னும் கடைசியா ஒரு வழி சொல்லும். வாசிக்கப் பொறுமையில்லாத பயலுக கண்ணுக்கு அந்தக் கடைசி வரி மட்டுந்தான் தெரியும். லொக்க அழிச்சா பாதியில நின்ன குறிப்பெல்லாம் போச்சி, மிச்சமிருக்கிற கணக்கும் கோணலாகும்.

ஸ்னப்ஷொட் சங்கதி வேற. ஸ்னப்ஷொட் எடுத்ததும் விஎம்மோட டிஸ்க் பைல், விஎம்டிகே, ஒரு புள்ளையப் பெத்து, அதுல எழுதத் தொடங்கும். புள்ளை கையில அப்பனோட அடையாள நம்பர் இருக்கும். அப்பன் டிஸ்க்க யாரோ தனியாத் திறந்து ஒரு எழுத்து எழுதிட்டாலும் அந்த நம்பர் மாறிரும். அப்புறம் ரெண்டும் பொருந்தல, விஎம் எழும்பாது. பத்திரத்துல அப்பன் பேரு பிழைன்னு எந்தக் கந்தோருலயும் நம்மள ஏத்துக்காம திருப்பி அனுப்பினவங்க இந்த நாட்டுல கொஞ்சமா? நம்பரத் திருத்தி எழுதலாம், அது சின்ன எழுத்துப் பைல்தான். ஆனா அப்பன்ல நெசமா எழுதியிருந்தா, நம்பரத் திருத்தி ஒட்ட வச்ச குடும்பம் வெளிய நல்லா இருக்கும், உள்ள பைல் பைலா உளறும். அதுக்குத்தான் சொல்றேன், நகல்ல செய்யி. மூலத்துல செய்யாதே.

நம்பிக்கை வர்றதுக்கு ஒரு நல்ல கதையும் சொல்றேன். 2023 பெப்ரவரி தொடக்கத்துல ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்னு ஒரு ரான்சம்வெயார் உலகம் பூரா உங்க ஈஎஸ்எக்ஸ்ஐ ஹொஸ்டுகள அடிச்சிச்சி. அது நுழைஞ்சதாச் சொல்ற ஓட்டைக்கு ஒட்டு 2021 பெப்ரவரியிலயே வந்திருச்சி. ரெண்டு வருஷமா பலபேர் ஒட்டல, அத விடு. அது அவசரக்காரத் திருடன். விஎம்மோட சின்னச் சின்னப் பைல், அதாவது விஎம்எக்ஸு, டிஸ்க் எப்பிடின்னு விவரிக்கிற விஎம்டிகே, இதுகளப் பூட்டிட்டான். நெசமான டேட்டா கெடக்குற பெரிய ஃபிளட் பைல பல இடத்துல சரியாப் பூட்டாம விட்டுட்டான். எல்லாரும் கொழுந்து போச்சின்னு அழுதுகிட்டிருக்கப்ப, துருக்கிக்காரங்க ரெண்டு பேரு, எனஸ் சோன்மஸும் அஹமட் அய்காச்சும், புத்தகம் மட்டுந்தான் போயிருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. ஃபிளட் பைலோட அளவ வச்சி விவரிக்கிற பைலப் புதுசா எழுதி விஎம்ம எழுப்பிக் காட்டினாங்க. அவங்க வழிய வச்சி அமெரிக்காவோட இணையப் பாதுகாப்பு நிறுவனம் சீசா ஒரு வாரத்துக்குள்ள ஸ்கிரிப்ட் ஒண்ணே வெளியிட்டிச்சி. திருடனும் அதப் படிச்சிருப்பான் போல, அடுத்த தடவ பெரிய பைல்லயும் தாராளமாவே கை வச்சான். ஆனா மொத ரவுண்டுல, கைய மடியில வச்சிகிட்டு டிஸ்க்க அப்பிடியே விட்டவங்க பலபேர் பொழைச்சாங்க. பதறிப் போய் ஹொஸ்ட சுத்தமா அழிச்சிப் புதுசா இன்ஸ்டோல் பண்ணினவன், திருடன் மிச்சம் வச்சதையும் தானே எடுத்துட்டான்.

அதே வேலைய நீயும் சின்ன அளவுல செய்யலாம். விவரிக்கிற பைல் மட்டும் போயிருந்தா, ஃபிளட் பைலோட அளவ ஒரு பைட் பிசகாம எடுத்து, அதே அளவுல வெத்து டிஸ்க் ஒண்ண விஎம்கேஎஃப்எஸ் டூல்ஸ்ல உண்டாக்கி, அதோட விவரப் பைல எடுத்து பேர மாத்தி வைக்கிறது. பழைய வழி, ஆனா வேல செய்யுது.

கெட்டது ஏன்னு கேக்கிறியா? கேக்க மாட்டே, சரியானதும் சோறு திங்கப் போயிருவே. நானே கேக்கிறேன். உன் ஸ்டோரேஜ் பெட்டியில கேஷ் பெட்டரி எப்ப மாத்தினது? எழுத வேண்டியத வாங்கி நெனப்புல வச்சிகிட்டு "எழுதிட்டேன்"னு ஹொஸ்டுகிட்ட பொய் சொல்ற சாமான்தான் கேஷ். பெட்டரி இருக்க வரைக்கும் அந்தப் பொய் நெசமாயிரும். பெட்டரி செத்து, கரண்டும் போனா, பாதி எழுதின செக்ரோல்தான் மிச்சம். இந்த நாட்டுல கரண்டுக்கு உத்தரவாதம் குடுக்க யாரால முடியும்? 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டினது டீசல் இல்லாம, அது விளங்குது. 2025 பெப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்துல ஒரு கொரங்கு ஏறி, முழு இலங்கையும் இருட்டாச்சி. அமைச்சரே கொரங்குன்னு சொன்னாரு. நம்ம தோட்டத்துல கொரங்கு கொய்யாக்கா மட்டுந்தான் திங்குது, கெட்டிக்காரக் கொரங்கெல்லாம் பாணந்துறைக்குப் போயிருச்சி. உன் கொம்பனியோட டிசாஸ்டர் பிளான்ல கொரங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கான்னு விசாரி.

பெக்கப் இருக்குன்னு சொல்ல வாயத் திறக்கிறே. மூடு. அரசாங்கமே அப்பிடித்தான் நெனச்சிகிட்டிருந்துச்சி. 2023 ஆகஸ்ட்ல லங்கா கவர்ன்மெண்ட் கிளவுட்ட ரான்சம்வெயார் அடிச்சிச்சி. கிளவுட்டுன்னதும் மேகம், பனி, பூண்டுலோயான்னு நான் ஏதோ பகிடி விடப்போறேன்னு பார்க்கிறே. விட மாட்டேன், மேகம் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சி. ஜிஓவி டொட் எல்கே மின்னஞ்சல் முகவரி ஏறக்குறைய 5,000, அதுல கெபினட் அலுவலகமும் இருக்கு. மே 17-ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான கடிதம் எல்லாம் போச்சி. ஏன்? பெக்கப்பும் அதே வலையில ஒட்டிகிட்டு இருந்ததால அதையும் சேர்த்துப் பூட்டிட்டான். தனியா, வயரு இல்லாத இடத்துல அந்தக் காலத்துக்கு நகல் இல்ல. மின்னஞ்சல் ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013-ல. மைக்ரோசொஃப்ட் அதுக்கு 2023 ஏப்ரல் 11-ஓட கைகழுவிருச்சி. புதுசுக்கு மாறணும்னு பேச்சு இருந்துச்சி, காசில்லன்னு தள்ளிப் போட்டாங்களாம். இனிமே தெனமும் ஒஃப்லைன் பெக்கப் எடுப்போம்னு அப்புறம் சொன்னாங்க. திருடன் போனப்புறம் நாய் வாங்குறது நம்ம வழக்கந்தானே. அதுக்கு முன்னால, 2021 ஜூலையில, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையோட டேட்டா அதே கிளவுட்ல இருந்து அழிஞ்சி சீஐடி வரைக்கும் போச்சி. ஒருக்கா சுட்டும் பூனை அடுப்பங்கரையிலதான் படுத்திருந்திச்சி.

வெள்ளக்காரன் கொம்பனி மட்டும் ஒழுங்குன்னு நெனைக்காதே. கிட்லேப்புன்னு ஒண்ணு. 2017 ஜனவரி 31 ராத்திரி, களைச்சிப் போன ஒரு இஞ்சினியர் தப்பான சர்வர்ல அழிக்கிற கட்டளையக் குடுத்து, 300 ஜிபி இருந்த இடத்துல 4.5 ஜிபி மிச்சமிருக்கப்ப நிறுத்தினான். பெக்கப் எடுக்க அஞ்சு வழி வச்சிருந்தாங்க. அஞ்சுல ஒண்ணும் ஒழுங்கா நிக்கல. அதுல ஒண்ணு, பெக்கப் தோத்தா ஈமெயில் அனுப்பணும். அதுவும் அனுப்பிச்சி. அந்த ஈமெயில, அனுப்பின ஆளு நம்பிக்கையில்லன்னு அவங்க மெயில் சர்வரே திருப்பி அனுப்பிருச்சி. இத எழுத ஒரு நாடகக்காரன் வேணுமாடா? கடைசியில ஆறு மணித்தியாலத்துக்கு முன்னால வேற எதுக்கோ ஒரு ஆளு கையால எடுத்து வச்ச ஸ்னப்ஷொட்தான் மானத்தக் காப்பாத்திச்சி. தென்கொரியாக்காரன் இன்னும் ஒரு படி மேல. 2025 செப்டெம்பர் 26-ல தேஜோன்ல அரசாங்க டேட்டா சென்டர் பத்திகிச்சி. அதிகாரிங்க பைல் வச்சிருந்த ஜி டிரைவ் 858 டெராபைட் சாம்பலு. நகல் ஏன் இல்லன்னா, ரொம்பப் பெருசா இருந்திச்சாம். புள்ள ரொம்பப் பெருசா இருக்கான்னு யாராவது சோறு போடாம விடுவாங்களா?

சரி, எழும்பு. கேபிள்காரன்கிட்ட பேசு, லொக்கப் படி, அந்த ஒத்த வரிய அடி. மூணாவது வழிக்கு வெரல் போச்சின்னா வெறகுக்கட்டை இங்க கையெட்டுற தூரத்துலதான் இருக்கு.

ஆங், போறதுக்கு முன்னால ஒண்ணு. உன் அக்கா கல்யாணத்துல உங்க அப்பாயிய நடுவுல குந்த வச்சி எடுத்த படமெல்லாம் பத்திரமா இருக்கு, ரெண்டு இடத்துல வச்சிருக்கேன்னு சொன்னேல்ல? ஒரு இடம் உன் பழைய போனு, அது போன மழைக்கு ஆத்துல விழுந்திருச்சின்னு எனக்குத் தெரியும். மத்த இடம் உன் ஹார்ட்டிஸ்க்கு, அதத் திறந்து காட்டு. இப்பவே. அந்த ஹார்ட்டிஸ்க்க குத்திட்டு உக்காரு, நான் கண்ணாடியத் தொடச்சிகிட்டு வாறேன்.